கை காட்டி நிறுத்துவதா, கைபேசியில் அழைப்பதா?

இரவு பதினொன்றரை இருக்கும். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். வெளியே மழை. ஸ்டேஷன் வாசலில் ஒதுங்கி நின்று கைபேசியில் டாக்சி அழைக்கும் செயலியைத் திறந்தேன். நான்கு நிமிடத்தில் வண்டி வரும் என்றது. வரைபடத்தில் ஒரு சின்னக் கார் வளைந்து வளைந்து வந்தது; பிறகு ஏதோ ஒரு தெருமுனையில் நின்றுவிட்டது. போன் அடித்தது.

“சார், எங்கே போக வேண்டும்?”

சொன்னேன்.

“பணம் கையிலா, ஆன்லைனா?”

ஆன்லைன் என்றேன். “சரி சார், வருகிறேன்” என்றவர் வரவில்லை, ரத்தும் செய்யவில்லை. நானே ரத்து செய்யட்டும் என்று அவர் காத்திருந்தார், அவரே செய்யட்டும் என்று நான் காத்திருந்தேன். முப்பதடி தள்ளி டாக்சி ஸ்டாண்டில் ஐந்து வண்டிகள் நின்றிருந்தன. முதல் வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காதவன்போல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து அவருடைய வண்டியில்தான் ஏறினேன். மீட்டரைப் போட்டார். வீட்டு வாசலில் அது காட்டிய தொகை, செயலி சொன்னதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மழையில் நின்ற கால் மணி நேரத்துக்கு என்ன விலை என்று அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து வந்ததுதான் இந்த ஒப்பீடு.

எது மலிவு என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு நிலையான பதில் கிடையாது. அதற்கு முன்னால் வேறொன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மீட்டர் டாக்சியில் ஏறும்போது உங்களுக்கு விதி தெரியும், தொகை தெரியாது. செயலியில் ஏறும்போது தொகை தெரியும், விதி தெரியாது. இரண்டிலும் ஏதோ ஒன்று இருட்டில்தான் இருக்கிறது. எந்த இருட்டை நம்மால் தாங்க முடியும் என்பது பயணத்துக்குப் பயணம் மாறும்.

மீட்டரை முதலில் பார்ப்போம். டாக்சி என்ற பெயரே அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். 1891இல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் குஸ்டாவ் புரூன் உருவாக்கிய டாக்சிமீட்டர், 1897இல் டைம்லர் நிறுவனத்தின் மோட்டார் வண்டியில் ஏறியது. வண்டிக்காரரும் சவாரிக்காரரும் தெருவில் நின்று பேரம் பேசுவதை முடிவுக்குக் கொண்டுவர ஒரு நடுநிலை எந்திரம் என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. வண்டி ஓடும்போது தூரத்தை எண்ணும். வேகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை எண்ணும். சிக்னலில் நிற்கும்போதும் எண் ஏறுவது அதனால்தான். ஏமாற்று என்று நினைத்து ஓட்டுநரை முறைப்பவர்கள் இன்றும் உண்டு. ஏறுவதற்கு எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு, காத்திருந்தால் எவ்வளவு என்பதையெல்லாம் ஓட்டுநர் முடிவு செய்வதில்லை. நகர நிர்வாகமோ அரசோ நிர்ணயித்து அறிவிக்கிறது. யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். தவறென்றால் புகார் செய்ய ஓர் அலுவலகம் இருக்கிறது.

ஏமாற்ற வழியில்லை என்று சொல்லவில்லை. சுற்றுவழியில் கூட்டிப்போவது, மீட்டருக்குச் சூடு வைப்பது, “மீட்டர் ரிப்பேர்” என்று துணி போட்டு மூடுவது எல்லாம் மீட்டரோடு கூடவே பிறந்த கலைகள். ஆனால் விதி வெளியில் இருப்பதால் ஏமாற்றைக் கண்டுபிடிக்கலாம். செயலியில் அந்த வசதி இல்லை.

செயலி எப்படி விலை சொல்கிறது? ஊபர் போன்ற நிறுவனங்கள் ஆரம்ப ஆண்டுகளில் ஏறக்குறைய மீட்டர்போலவே தூரத்துக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கிட்டன. நெரிசல் கூடினால் அதற்கு ஒரு பெருக்கல் எண்; 1.8 மடங்கு, 2.5 மடங்கு என்று திரையிலேயே தெரியும். 2016 வாக்கில் ஊபர் முன்கூட்டியே முழுத் தொகையைச் சொல்லும் முறைக்கு மாறியது. பயணிக்கு இது நிம்மதி. இறங்கும்போது அதிர்ச்சி இல்லை. அதே நேரத்தில் பெருக்கல் எண் கண்ணிலிருந்து மறைந்தது. எதிர்பார்க்கும் தூரம், நேரம், அந்தப் பகுதியில் அந்த நிமிடத்தில் எத்தனை பேர் வண்டி தேடுகிறார்கள், எத்தனை வண்டிகள் காலியாக இருக்கின்றன என்று பலதும் சேர்ந்து ஒரே எண்ணாக வருகிறது. அந்த எண் எப்படி வந்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

தேவை கூடும்போது விலை ஏறுவதற்கு ஒரு நியாயம் உண்டு. விலை ஏறினால் வீட்டில் படுத்திருக்கும் ஓட்டுநர் எழுந்து வருவார். அவசரமில்லாத பயணி கொஞ்சம் பொறுப்பார். பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்குக்குக் கண் கிடையாது. 2014 டிசம்பரில் சிட்னியின் மையப்பகுதியில் ஒரு காபிக்கடைக்குள் ஆயுததாரி ஒருவர் பலரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து வைத்தபோது, அங்கிருந்து வெளியேற மக்கள் ஒரே நேரத்தில் வண்டி தேட, ஊபரின் கட்டணம் தானாகவே பல மடங்கு ஏறியது. கண்டனம் கிளம்பிய பிறகு பயணத்தை இலவசமாக்கி, வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் பிறகே பல அரசுகள் உச்சவரம்பைப் பற்றி யோசித்தன. இந்தியாவில் 2020இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை அடிப்படைக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு வரை போகலாம் என்றது. 2025இல் அந்த வரம்பை அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு வரை உயர்த்தியது.

மழை பெய்வது மீட்டருக்குத் தெரியாது. ஆனால் ஓட்டுநருக்குத் தெரியும். “மீட்டருக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்” என்று கண்ணாடி வழியாக வரும் குரலும் ஒரு விலையேற்றம்தான்; செயலி அதைத் திரையில் செய்கிறது, இவர் நேரில் கேட்கிறார். எனக்கு என்னவோ நேரில் கேட்பவரோடு பேசுவது எளிதாக இருக்கிறது. “பாதி தருகிறேன்” என்று சொல்லலாம். திரையிடம் அப்படிச் சொல்ல முடியாது. பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும், பேரத்தையே அவமானமாக உணர்பவர்களுக்கும் திரைதான் வசதி. அதில் தவறும் இல்லை.

திரையில் விலை ஏறியிருந்தால் செய்யக்கூடியவை மூன்று. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. ஏற்றம் பெரும்பாலும் அலைபோல் வந்து வடியும். இரண்டு தெரு தள்ளி நடந்து போய் அழைப்பது; விலை பகுதிவாரியாக மாறும் என்பதால் அரங்கத்தின் வாசலில் காட்டும் தொகைக்கும் அடுத்த முக்கில் காட்டும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கலாம். மூன்றாவது, பக்கத்தில் ஸ்டாண்டு இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது. இந்த மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

செயலி எப்போதும் மலிவு என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்ததற்குக் காரணம் அதன் முதல் சில ஆண்டுகள். அப்போது நாம் கொடுத்தது முழுக் கட்டணம் அல்ல. மிச்சத்தை முதலீட்டாளர்கள் கொடுத்தார்கள். 2019இல் பங்குச் சந்தைக்கு வந்த ஊபர், ஓர் ஆண்டு முழுவதற்குமான செயல்பாட்டு லாபத்தை முதன்முறையாகக் காட்டியது 2023இல்தான். போட்டி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்கு ஆசிய வணிகத்தைப் போட்டிச் செயலியான கிராப் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. அதன்பின் பயணிகள் உண்மையில் கொடுத்த கட்டணம் 10 முதல் 15 சதவீதம் வரை உயர்ந்ததாகச் சிங்கப்பூரின் போட்டி ஆணையம் கண்டறிந்து, இரு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது. ஆகவே ஐந்து வருடத்துக்கு முந்தைய நினைவை வைத்துக்கொண்டு மலிவு என்று முடிவு கட்ட வேண்டாம். இன்றைய விலையை இன்று பாருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை நகரத்தின் அடர்த்திதான் முடிவு செய்கிறது. கிராமர், குரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் ஐந்து நகரங்களின் தரவை வைத்து 2016இல் எழுதியபோது, சாதாரண டாக்சிக்காரரைவிட ஊபர் ஓட்டுநர் பயணியோடு ஓடும் நேரம் சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். காலி வண்டியோடு சுற்றுவது குறைகிறது. ஆனால் நியூயார்க்கில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: எந்தத் தெருவில் கை நீட்டினாலும் டாக்சி நிற்கும் இடத்தில் செயலிக்குப் பெரிய வேலை இல்லை. நகர மையம், பெரிய ஸ்டேஷன், மருத்துவமனை வாசல் போன்ற இடங்களில் எதிரே நிற்கும் வண்டியை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வண்டியை வரவழைப்பது வீண்வேலை. புறநகரில், டாக்சி எட்டிப் பார்க்காத குடியிருப்பில், செயலிக்கு ஈடே இல்லை. அங்கே ஒப்பிட ஒன்றுமில்லை.

விமான நிலையம் தனிக்கதை. பல நகரங்களில் அங்கிருந்து நகர மையத்துக்கு டாக்சிக்கு ஒரே நிலையான கட்டணம். பாரிஸ் 2016இல் அப்படிக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கும் அப்படித்தான். விதியும் தெரியும், தொகையும் தெரியும் என்ற அபூர்வமான சந்தர்ப்பம் இது. ஊருக்குப் புதியவர்கள் வெளியேறும் வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன்பின் செயலியைத் திறக்கலாம்.

சவாரி மறுப்பு பழைய நோய். “அந்தப் பக்கம் வராது சார், திரும்பும்போது காலியாக வர வேண்டும்” என்று டாக்சிக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார். கோபம் வரும், ஆனால் அரை நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும், அடுத்த வண்டிக்குப் போகலாம். செயலியில் அதே மறுப்பு வேறு வேடத்தில் வருகிறது: ஏற்றுக்கொண்டு நகராமல் நிற்பது, போன் செய்து இடம் கேட்பது, நம்மையே ரத்து செய்ய வைப்பது. அந்த இரவில் எனக்கு நடந்ததும் அதுதான். கார் படம் மூன்று நிமிடமாக அசையவில்லை என்றால் பேசிப் பயனில்லை. ரத்து செய்யும்போது காரணப் பட்டியலில் ஓட்டுநர் தொடர்பான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ரத்துக் கட்டணம் உங்கள் தலையில் விழலாம்.

“கையிலா, ஆன்லைனா” என்று அவர் ஏன் கேட்டார் என்பதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். ஆன்லைனில் நான் கொடுக்கும் பணம் முதலில் நிறுவனத்துக்குப் போகும். கமிஷன் கழித்து, கணக்கு முடித்த பிறகே அவர் கைக்கு வரும். அவருக்கோ அந்த இரவே டீசல் போட வேண்டும். என் வசதி அவருடைய கடன். இது தெரிந்த பிறகு கோபம் பாதி குறைந்தது. முழுவதும் குறையவில்லை, வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பாதுகாப்பு பற்றி எழுதும்போது நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை. இரவில் தனியாக, பழக்கமில்லாத ஊரில் போகிறவர்களுக்குச் செயலிதான் முதல் தேர்வு. வண்டி எண், ஓட்டுநர் படம், போன வழி எல்லாம் பதிவாகின்றன. பயணம் நடக்கும்போதே வீட்டில் இருப்பவர்கள் பார்க்கலாம். ஆனால் பதிவு இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. லண்டன் போக்குவரத்து ஆணையம் 2019 நவம்பரில் ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன முக்கியக் காரணம், அனுமதி பெறாதவர்கள் மற்ற ஓட்டுநர்களின் கணக்கில் தங்கள் படத்தை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டினார்கள் என்பது. அப்படி நடந்த பயணங்கள் குறைந்தது 14,000. பிறகு 2020இல் நீதிமன்றம் உரிமம் கொடுத்தது. எனவே படத்தை மட்டும் பார்த்து ஏற வேண்டாம். வண்டி எண்ணைப் பாருங்கள். உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள்; யாருக்காக வந்த வண்டி என்று அவரிடம் கேளுங்கள்.

ஸ்டாண்டு டாக்சியிலும் ஒரு தடத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப ஐந்து நொடி போதும். ஓட்டுநர் பார்க்கும்படி எடுப்பது இன்னும் நல்லது.

எல்லாவற்றிலும் மோசமான தேர்வு ஒன்று உண்டு. செயலியில் வந்த ஓட்டுநர் “ரத்து செய்துவிடுங்கள் சார், அதே பணத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள்” என்பார். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் ரத்து செய்த அந்த நொடியில் வண்டியில் மீட்டரும் இல்லை, பதிவும் இல்லை. பல நகரங்களில் முன்பதிவு இல்லாமல் ஆளை ஏற்றும் அனுமதி உரிமம் பெற்ற டாக்சிக்கு மட்டுமே உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

வழி தெரிவதைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனின் கறுப்பு டாக்சி ஓட்டுநர்கள் நகரின் நடுவில் இருக்கும் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேறுகிறார்கள். 1865இலிருந்து இருக்கும் வழக்கம் இது, பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அவர்களுடைய மூளையில் இட நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை நரம்பியல் ஆய்வாளர் எலினர் மகுவயரின் குழு 2000இல் காட்டியது. வரைபடம் வைத்திருக்கும் புது ஓட்டுநர் இன்று பெரும்பாலான நாட்களில் அவர்களுக்குச் சமமாக ஓட்டிவிடுகிறார். ஊர்வலம் வந்த நாளில், மருத்துவமனையின் பின்வாசலுக்குப் போக வேண்டிய அவசரத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தப் போட்டியில் ஓட்டுநர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. நியூயார்க் 1937இல் டாக்சி உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. அந்த உரிமத் தகடு ஒன்று 2014 வாக்கில் 10 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. கடன் வாங்கி வாங்கியவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த ஓட்டுநர்கள். செயலிகள் பெருகிய சில ஆண்டுகளில் அதன் விலை சரிந்து, கடன் மட்டும் நின்றது. மறுபக்கம் செயலி ஓட்டுநருக்கு முதலாளி யார் என்பதே வழக்கானது. 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அவர்கள் சுயதொழில் செய்வோர் அல்லர், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கும் உரிமை உள்ள பணியாளர்கள் என்று தீர்ப்பளித்தது. யாருடைய வண்டியில் ஏறினாலும் அதன் பின்னால் ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி மூன்றாவது வழி. பழக்கமான ஓட்டுநரின் எண்ணைக் கைபேசியில் வைத்திருப்பது. அதிகாலை நான்கு மணி விமானம், வயதானவர்களை மருத்துவரிடம் கூட்டிப்போவது, நான்கு இடத்தில் நின்று நின்று போக வேண்டிய நாள் ஆகியவற்றுக்கு இதை விஞ்ச எதுவும் இல்லை. செயலியிலும் முன்பதிவு இருக்கிறதே என்று கேட்கலாம். பல இடங்களில் அந்த முன்பதிவு, குறித்த நேரத்துக்குச் சற்று முன்னால் நமக்காக வண்டி தேடத் தொடங்கும் ஏற்பாடு மட்டுமே. ஓட்டுநர் கிடைத்தால் உண்டு. முதல் நாள் இரவே ஒருவர் ஒப்புக்கொண்டு அலாரம் வைத்துப் படுப்பதற்கு அது ஈடாகாது. பேரமும் நம்பிக்கையும் கலந்த பழைய முறை இது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கு வேறு வழி வேண்டும் என்பதுதான் குறை. அப்போதைக்குச் செயலி.

இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டிருப்பதும் உண்மை. ‘ஊபர்கேப்’ என்ற பெயரோடு தொடங்கிய நிறுவனம், டாக்சி உரிமம் இல்லாமல் எப்படி இந்தப் பெயர் என்று சான் பிரான்சிஸ்கோ அதிகாரிகள் கேட்டதும், 2010இல் டாக்சியைக் குறிக்கும் ‘கேப்’ என்ற சொல்லைக் கழற்றி எறிந்தது. 2022 மார்ச்சில் அதே நிறுவனம் நியூயார்க்கின் மஞ்சள் டாக்சிகளைத் தன் செயலிக்குள் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது.

ஸ்டேஷனில் அன்று என்னை ஏற்றிக்கொண்டவரின் எண் இப்போது என் கைபேசியில் ‘ஸ்டேஷன் டாக்சி’ என்ற பெயரில் இருக்கிறது. போன மாதம் அதிகாலை விமானத்துக்காக அவரை அழைத்து, எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

“செயலியில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள் சார். அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்” என்றார்.